ஏழாம் நம்பர் குழுவின் கடைசிக் கச்சேரி

ஹட்டனில் ஒரு பியானோவைச் சுருதி கலையாமல் வைத்திருப்பது பெரும்பாடு ஐயா. கொழும்பிலிருந்து ஆள் வந்து சேர்த்துவிட்டுப் போவார். அவருடைய ரயில் ரொசெல்லையைத் தாண்டுவதற்குள் பனி உள்ளே இறங்கிவிடும். மரம் ஊறிப்போகும், கம்பி தளர்ந்துவிடும். அவரை நம்பிப் பயனில்லை என்று கடைசியில் நானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். என் காது இதுவரை எனக்குப் பொய் சொன்னதில்லை, அதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே பேசுகிறீர்கள், வசதியாக இருக்கிறது. நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறி நானாகத்தான் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நடந்தது விபத்து என்று நீங்கள் எழுதி மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் வராமல் இருந்திருந்தால் அது விபத்தாகவே இருந்திருக்கும்.

என் பெயர் றோலண்ட். ஊரில் மாஸ்டர் என்பார்கள். கிறிஸ்தவக் கோயிலில் ஓர்கன் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். 'ஏழாம் நம்பர்' என்ற இசைக்குழு என்னுடையது. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டல்லவா? என் மனைவி ஜெயந்தினி அக்கரப்பத்தனைப் பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசைவீட்டில் பிறந்தவள். அவளுடைய அம்மா கொழுந்து பறித்த மலை ஏழாம் நம்பர். அந்த மலையில் பாடிய கும்மியும் தாலாட்டும் கேலிப்பாட்டும்தான் எங்கள் சரக்கு. அடியில் தப்பு என்கிற பறை ஒலிக்கும், மேலே என் பியானோவும் மேர்வினின் சாக்ஸபோனும் ஜாஸ் பாணியில் போகும், நடுவில் அவள் பாடுவாள். மேர்வின் நுவரெலியா ஹோட்டல்களில் வாசிக்கிறவன், நல்ல பையன், வாய்தான் சும்மா இருக்காது. முதல் வருடம் எங்களை ரெண்டுங்கெட்டான் என்றார்கள். இரண்டாம் வருடம் அப்படிச் சொன்னவர்களே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜாஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அங்கே எழுதிவைத்ததை ஒப்பிப்பது கிடையாது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் கேட்டுப் பிடிக்கவேண்டும். காதில்லாதவருக்கு அங்கே இடமில்லை. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. முதலில் எங்களுக்குத் தப்பு அடித்தவர் ஆண்டியப்பன். வாழ்நாள் முழுக்க அடித்து அடித்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒரு நாள் ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம், அவர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார். காது கேட்காத ஆளுக்கு மேடையில் என்ன வேலை, வீட்டுக்குப் போங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மனுசன் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் தப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஜெயந்தினி அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவினாள். படுக்கப் போகும்போதுதான் கேட்டாள்.

"எனக்கும் ஒரு நாளைக்கு அப்படி ஆச்சுன்னா என்னையும் அனுப்பிருவீங்களா?"

அனுப்பத்தான் செய்வேன், பாட்டில் புருசன் பெண்டாட்டி கிடையாது என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும்.

ஆண்டியப்பனுக்குப் பதிலாக மதுரனைக் கூட்டிவந்தது அவள்தான். அவளுடைய லயத்துப் பையன், பகலில் அக்கரப்பத்தனையில் ஓட்டோ ஓட்டுகிறவன். கைச்சுத்தம் உள்ளவன், அதை நான் மறைக்கவில்லை. அவனைக் கூட்டிவந்த போதே எனக்குக் கொஞ்சம் மூக்கில் வியர்த்தது. சொந்த ஊர்ப் பையன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தப்பு அடிக்கிறவர்கள் நெருப்பில்லாமல் மேடையேற மாட்டார்கள். தோல் கருவி அது. நம்முடைய பனியில் தோல் தொளதொளத்துப் போகும், அடித்தால் சாக்கில் அடித்த மாதிரி இருக்கும். அதனால் மேடைக்குப் பின்னால் ஒரு தகரத்தில் சிரட்டைக்கரி போட்டு மூட்டி, தப்பை அதன்மேல் காட்டிக் காய்ச்சுவார்கள். தோல் இறுகி விண்ணென்று ஒலிக்கும்வரை காய்ச்சவேண்டும். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை மதுரன் பின்னால் போய்வருவான். கொஞ்ச நாளில் பார்த்தால், அவன் போகும்போதெல்லாம் என் மனைவியும் போனாள்.

சந்தேகக்காரன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். ஒன்றை வைத்து முடிவு கட்டுகிறவன் இல்லை நான். பியானோவின் வளைவில் என் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவள், கடந்த வருடம் பெரிய காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகு இடம் மாறினாள். தப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு. ஏன் என்று கேட்டதற்கு, அங்கே பலகை நல்லா அதிருது என்றாள். நான் பியானோவில் கோர்ட், அதாவது சுரக்கூட்டு, கொடுத்தால்தான் அடியெடுப்பாள் என்றிருந்தது போய், மதுரன் வலது காலால் பலகையை ஓங்கி மிதித்தால் எடுத்தாள். அவன் காலை இவள் பார்ப்பாள், இவள் முகத்தை அவன் பார்ப்பான், இரண்டு பேரும் ஒன்றாகத் தாளத்தில் விழுவார்கள். சபை சொக்கிப்போகும். புருசன் ஒருவன் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது இருவருக்கும் நினைவில்லை.

வலப்பனையில் ஒரு கச்சேரியில் வேண்டுமென்றே பிழையான கோர்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மேர்வின் திடுக்கிட்டுத் திரும்பினான். முன்வரிசையில் ஒரு குழந்தைகூட முகத்தைச் சுளித்தது. அவள் கண்ணிமைக்காமல் பாடிக்கொண்டு போனாள். என் சரியும் என் பிழையும் அவளுக்கு ஒன்றாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்த அவமானத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டிலும் அதே கதை. குசினியில் அடுப்பைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டாள். தோளைத் தொட்டால்தான் திரும்புவாள், திரும்பும்போது திடுக்கிடுவாள். மனதில் கள்ளம் இருக்கிறவர்கள்தானே அப்படித் திடுக்கிடுவார்கள்? அவளுடைய போன் அடித்து ஓயும், எடுக்கமாட்டாள். ஆனால் ஓயாமல் அதில் எழுதிக்கொண்டே இருப்பாள்.

நோட்டன் பிரிட்ஜில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வாசித்தோம். இடைவேளையில் நான் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். தகர மறைப்பில் ஒரு விரல் அளவு இடுக்கு இருந்தது. மறைப்புக்கு உள்ளே கரித்தகரம் கனன்றுகொண்டிருந்தது. மதுரன் தப்பை நெஞ்சோடு பிடித்திருந்தான். என் மனைவி தன் உள்ளங்கையை அந்தத் தோலின்மேல் விரித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அவன் மறுபக்கம் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் திரும்பவும் தட்டினான். இடையில் ஒரு தோல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு அவள் கண்ணைத் திறந்து பேசினாள்.

"அவருக்கு மட்டும் தெரியக்கூடாது மதுரன். தெரிஞ்சா அன்னைக்கே என்னைய எறக்கி விட்டுருவாரு."

இதை அவள் குசுகுசுவென்று சொல்லவில்லை ஐயா. நல்ல உரத்த குரலில் சொன்னாள். அவன்தான் பயந்து, உதட்டில் விரல் வைத்தான். இரகசியம் பேசும்போது குரலைத் தாழ்த்தும் கூச்சம்கூட அவளுக்குப் போய்விட்டிருந்தது. என்னை எரித்தது அந்தத் துணிச்சல்தான்.

அதற்குப் பிறகு மேர்வின் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான், ஜெயந்தினியையும் மதுரனையும் கண்டியில் ஒரு தனியார் கிளினிக் வாசலில் கண்டதாக. அந்த நாளில் அவள் அம்மாவைப் பார்க்க அக்கரப்பத்தனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வீட்டுக்குச் சொல்லாமல் கிளினிக் வாசலில் எதற்கு நிற்பார்கள் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவள் வந்ததும் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தாள். கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். பொய்யைத் தயார் செய்ய நேரம் வேண்டாமா? அம்மா சுகமாக இருக்காங்க என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில்தான் அவள் என்னோடு மிகவும் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் பியானோ வாசித்தால், வேலையைப் போட்டுவிட்டு வந்து அதன் பக்கப் பலகையில் கன்னத்தை அழுத்திவைத்துக்கொண்டு நிற்பாள். சில சமயம் அழுவாள். நல்லா இருக்குங்க, நிறுத்தாதீங்க என்பாள். முன்பெல்லாம் அப்படிச் செய்தவளே இல்லை. இப்படித் திடீரென்று பொழிகிற அன்பை நம்பி ஏமாற நான் என்ன சின்னப் பிள்ளையா? கண்ணில் மண்ணைத் தூவுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, அவள் கேட்டபடியே வாசித்தேன்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் வாவிக்கரையில் மேடை போட்டிருந்தார்கள். வெளிநாட்டு இசைவிழாக்காரர்கள் வந்து பார்த்துக் குழுக்களைத் தெரிவு செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. ஜெயந்தினிக்கு அது உயிர். லயத்துக் கும்மியைக் கடல் கடந்து ஒரு தடவையாவது பாடிவிடவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். அன்று காலையில் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கச்சேரி நல்லா முடியட்டுங்க. முடிஞ்ச பொறகு ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கோவப்படாம கேக்கணும்."

கேட்கிறேன் என்றேன். என்னை விட்டுப் போகப்போவதைச் சொல்லத்தான் அவ்வளவு பக்குவம். மதுரனோடு வெளிநாடு போய்விட்டால் திரும்பி வருவாளா? அதற்கு மேல் நான் பொறுத்திருக்க முடியாது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கொல்ல நினைக்கவில்லை. அதைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். அவனுடைய கை இரண்டும் போனால் போதும் என்று நினைத்தேன். கை போன தப்புக்காரன் மேடையில் நிற்கமாட்டான், அவள் பியானோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவாள். யாரையும் குழுவிலிருந்து நீக்கியதாகவும் இருக்காது. யோசித்துப் பார்த்தால் இதைவிட நாகரிகமான வழி இல்லை.

கரியைப் பற்றவைக்க மதுரன் ஒரு பழைய சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்திருப்பான். தப்பும் தகரமும் அந்தப் போத்தலும் முதல் நாளே எங்கள் வான் வண்டியில் ஏற்றப்பட்டிருந்தன. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டருக்குப் பெற்றோல் கலன் இருந்தது. போத்தலில் இருந்ததை வடிகானில் ஊற்றிவிட்டுப் பெற்றோலை நிரப்பி மூடினேன். கையில் வாடை போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மேடைக்குப் போய் சவுண்ட்காரரோடு பேசிக்கொண்டு நின்றேன். மைக் சரிபார்க்க ஒரு பாட்டு வாசித்தேன், அதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. பின்னேரம் ஆகியும் மதுரனைக் காணவில்லை. நானுஓயாப் பக்கம் மண் சரிந்து, பாதையில் வாகனங்கள் நிற்பதாக மேர்வினுக்குத் தகவல் வந்தது. எங்கள் முறைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நான் மேடையில் பியானோவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுதா காற்றில் விலகியது. பின்னால், கூரைத் தகரத்துக்குக் கீழே ஜெயந்தினி குந்தியிருந்தாள். அவன் வந்து இறங்கும்போது தப்பு தயாராக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். சிரட்டைக்கரியில் யாரோ போட்ட கங்கு புகைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து ஊதினாள், பிடிக்கவில்லை. மதுரனின் தப்புப் பையைத் திறந்து போத்தலை எடுத்தாள்.

நான் கூப்பிட்டேன். ஜெயா என்று கூப்பிட்டேன். என் முகத்துக்கு முன்னால் மைக் இருந்தது, அதில் கூப்பிடவில்லை; சபை நிறைந்திருந்தது, வீட்டுப் பேச்சை மைக்கில் பேசுவது அழகில்லை. சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டேன். ஆனால் அவளுக்கும் எனக்கும் இடையில் இந்த அறையின் நீளம்தான் இருந்தது. அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். மேடையின் மறுகோடியில் சாக்ஸபோனைப் பொருத்திக்கொண்டிருந்த மேர்வின்கூட என்ன என்று பார்த்தான். அவள் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அவளுடைய கும்மிக்கு நான் கொடுக்கிற கோர்ட்டை இரண்டு கையாலும் அழுத்தினேன். எத்தனையோ வருடம் அந்த ஒலிக்குத்தான் அவள் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். அவள் திரும்பவில்லை.

ஓடிப்போய்த் தடுத்திருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். ஓடியிருக்கலாம். எழுந்துகொள்ளத்தான் போனேன். ஆனால் அந்தக் கோர்ட்டுக்கும் திரும்பாத முதுகைப் பார்த்ததும், சரி, உன் இஷ்டம் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கூடாரச் சீலையை உதறினால் வருகிற சத்தம்தான். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் என் கோட்டைக் கழற்றி அவளைப் போர்த்தினேன், ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் வைத்திருந்தேன். சபையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள். என் கையில் இன்னும் கொப்புளம் இருக்கிறது. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேசவில்லை. விடியும்போது போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நடையில் மதுரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். என் போத்தலால்தான் வந்தது என்று அவனே சொன்னான். அவன் அப்படி நினைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"அக்காவுக்குக் காச்சலுக்குப் பொறகு காது போயிருச்சுங்க மாஸ்டர். கண்டியில டாக்டரும் இனி வராதுன்னுட்டாரு. தோல்ல கைய வச்சுத்தான் தாளம் புடிப்பாங்க. மேடையில நான் காலால மிதிச்சுக் குடுப்பேன். நீங்க எறக்கி விட்டுருவீங்கன்னு பயந்துதான் ஒங்ககிட்ட மறைச்சாங்க."

கேட்டுக்கொண்டேன். பிடிபடப்போகிறவன் எதையும் சொல்வான். அக்கா என்று கூப்பிட்டதைப் பெரிய அத்தாட்சியாகச் சொல்கிறார்கள்; லயத்தில் யாரைத்தான் அக்கா என்று கூப்பிடமாட்டார்கள்?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விஷயம் பரவிவிட்டது. காது கேளாமலே மேடையில் பாடிய பாடகி என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். கண்டி டாக்டரும் ஆமாம் என்கிறாராம். மேர்வினும் மதுரனும் சேர்ந்து அவள் நினைவாகக் கச்சேரி வைக்கப்போகிறார்களாம், காது கேளாத பிள்ளைகளையெல்லாம் மேடைப் பலகையில் உட்காரவைக்கப் போகிறார்களாம். என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். ஊரில் போகும்போது ஆட்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். பக்கத்தில் படுத்தவளுக்குக் காது போனது தெரியாமல் இருந்திருக்கிறாரே, இவரா மாஸ்டர் என்று அவர்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஒரு வருடம் என் குழுவில், என் வீட்டில், என் பியானோவுக்குப் பக்கத்தில் செவிடு ஒருத்தி இருந்து, அதை நான் கண்டுபிடிக்காமல் இருந்தேன் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பொய்யைத் திருத்தத்தான் வந்தேன்.

ஆகவே எழுதுங்கள். போத்தலில் பெற்றோல் ஊற்றியது நான். மதுரனுக்காக ஊற்றினேன். அவள் எடுத்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். தண்டனை எதுவோ கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செவிடு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். என் மனைவியுடையது சுத்தமான காது ஐயா. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது; கேட்டும் திரும்பாமல் இருந்தாள்.